கடைசிக் கன்சோல்

மகளின் பிறந்தநாளுக்கு கேம் கன்சோல் வாங்க வந்திருந்தார் அவர். பெரிய கம்பெனிகளின் கன்சோல்களை மகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூலையில் இருந்த சின்ன ஆரஞ்சு நிறக் கன்சோலில் விளையாட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

“இதுதான் வேணும்ப்பா!”

“வேண்டாம்டா. அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்க.”

“மூட வச்சுட்டாங்கன்னு சொல்லுங்க சார்” என்றார் கடைக்காரர். “வந்த மாசமே பெரிய கம்பெனிங்க வயித்துல புளியைக் கரைச்ச மெஷின் இது. அப்பப் பாத்து, சந்தையைக் கணிக்கிறேன்னு ஒருத்தர், ‘போட்டியில இது ஒரு வருஷம்கூடத் தாங்காது’ன்னு அறிக்கை எழுதினார். முதல் போட்டவங்க கையை விரிச்சாங்க. நாங்களும் பயந்து ஆர்டரை நிறுத்திட்டோம். கம்பெனி படுத்துடுச்சு. கணிப்பு பலிச்சுதுன்னு அவருக்கு விருது வேற! அந்த மகராசன் பேரை மறக்கவே மாட்டேன்.”

மகள் கன்ட்ரோலரை அப்பாவின் கையில் திணித்தாள். ஐந்து நிமிடம் விளையாடியவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். அடுத்த கணமே முகம் சுண்டிப்போனது.

“இதையே குடுங்க.”

“பில்லுக்குப் பேர் சொல்லுங்க சார்.”

தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொன்னார்.

“அப்பா, அது மாமா பேராச்சே!”

காது மடல் சிவக்க, தன் பெயரைச் சொன்னார். கடைக்காரரின் பேனா பாதியில் நின்றது.

“நீங்களா சார் அது? எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது இதுல விளையாடிப் பாத்தீங்களா?”

“இல்ல” என்றார் அவர், மகளின் முகத்தைப் பார்க்காமல். “இன்னிக்குத்தான் முதல் தடவை.”