புது எஞ்சின்

ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் டென்வர் போய்த் திரும்பிய டுவைட்டை, மனைவி லொரெட்டா நேரே, அவனுடைய அந்தக் காலத்து வேகக் கார் நின்ற ஷெட்டுக்கு இழுத்துப் போனாள்.

"பிறந்தநாள் பரிசு! உங்க பழைய மசில் காருக்குப் புது எஞ்சின். ரெண்டு மடங்கு பவர்!"

"பழைய எஞ்சின் எங்கே?"

"காயலான் கடையில போட்டாச்சு."

டுவைட் தலையில் கைவைத்துக்கொண்டான். "அடிப்பாவி! ஃபேக்டரியில எஞ்சினுக்கும் பாடிக்கும் ஒரே நம்பரை அடிச்சிருப்பான். அந்த ஜோடி பிரியாம இருந்தாத்தான்டி பழைய கார் சேர்க்கறவன்கிட்ட மதிப்பே! இனி எவன் சீந்துவான்? உனக்கு எங்கே தெரியப்போகுது!"

"தெரியுமே. ஆனா, கூடவே இருந்த பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசுக்கு மாறறதுன்னா உங்களுக்கு உசிராமே? டென்வர்ல ராத்திரி உங்க ஹோட்டல் ரூம் போனை எடுத்த கேண்டஸ்தான் சொன்னா."