எரியாத மேடு

பொழுது சாய்ந்ததும் சோலைக்காட்டு இடுகாட்டில் மேடுகள் ஒவ்வொன்றாகப் பச்சை வெளிச்சத்தில் மினுங்க ஆரம்பித்தன. புதைத்த பதினாறாம் நாள் மேட்டின் மேல் ஒளிக்காளான் பூத்தாக வேண்டும். பூக்கவில்லையென்றால் விஷச்சாவு என்று போலீஸ் வந்து நிற்கும்.

புதைத்துப் பதினாறு நாளான யுவனேஷின் மேடு மட்டும் இருண்டு கிடந்தது.

"கொன்னுட்டியேடி என் தம்பிய!" நாத்தனார் பிரமிளா, தர்ஷினியின் கூந்தலைப் பிடித்து உலுக்கினாள். "மாரடைப்புன்னு என்னமா நடிச்ச! சோத்துல என்னத்தடி கலந்த?"

"சத்தியமா இல்ல அண்ணி..."

தர்ஷினி கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் ஜெயிலுக்குப் போனால் ஏழு மாதக் கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள்?

இடுகாட்டுக் காவலாளி ஜெபராஜ் குறுக்கே புகுந்தார்.

"தலைமுடிய விடும்மா. அந்தப் பொண்ணு எத்தனை பேருக்குத்தான் விஷம் வைக்கும்? இங்க வந்து பாரு."

புதருக்குப் பின்னால் வரிசையாக ஒன்பது மேடுகள். எதிலும் பொட்டு வெளிச்சம் இல்லை.

"எல்லாம் எஸ்டேட்டுல பூச்சிமருந்து அடிச்ச ஆளுங்க. உடம்பெல்லாம் மருந்து ஏறிப்போய் காளானே முளைக்க மாட்டேங்குது. மண்ணு சரியில்லன்னு எழுதிக் குடுன்னு எஸ்டேட்காரங்க என்னை மிரட்டி வெச்சிருக்காங்க."

பிரமிளாவின் பிடி தளர்ந்தது. இப்போதாவது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பாள் என்று தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். பிரமிளாவோ காவலாளியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி மூணு வருஷம்தாங்க மருந்து அடிச்சான். எங்க வீட்டுக்காரரு பதினோரு வருஷமா அடிக்கிறாரு!"