கோயில் தெரு

கேளம்பாக்கத்துக்கு வாடகை வீடு பார்க்க வரும் வழியெல்லாம் கவியாவும் அவள் கணவன் தினகரனும் இங்கே குடிவருவதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இங்க தண்ணி லாரியிலதான் வருமாம். ஊர்ல நமக்கு போர் தண்ணி கீது," என்றாள் கவியா.

"ஆபீஸ் கிட்ட. பாப்பாவுக்கும் நல்ல ஸ்கூல் கீது."

"அக்கம்பக்கத்துல ஒருத்தரையும் தெரியாதே."

"அதுக்குத்தான் வரோம். எந்தத் தெருன்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க."



அவர்கள் பார்க்க வந்த ஃப்ளாட்டுக்கு எதிரிலேயே குடியிருந்த வீட்டுக்காரர் வயதானவர். காபி கொடுத்தார். பால்கனியைத் திறந்து காட்டி, "பாப்பா ஓடி ஆடட்டும்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார். கவியாவுக்கு வீடு பிடித்துப்போனது.

"சொந்த ஊரு?"

"படாளம்."

பெரியவர் முகம் மலர்ந்தது. "படாளமா? எந்தத் தெரு?"

தினகரன் கவியாவின் பக்கம் திரும்பாமலே, "கோயில் தெரு," என்றான்.

பெரியவர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இன்னொருத்தரும் கேட்டிருக்காங்க. பாத்துச் சொல்றேன்."

கீழே வாட்ச்மேன் கேட்டார். "இன்னா சார், வூடு முடிஞ்சுதா?"

"இல்லீங்க."

"உங்களுக்கு எந்த ஊரு சார்?"

"படாளம்."

"வூட்டுக்காரரும் படாளந்தான் சார். ஊருக்கு வெளிய கீற காலனியில பொறந்து வளந்தவரு. 'எங்க காலனிப் புள்ளைங்க யார்னா எதிர்ல குடிவந்தா நல்லாருக்கும்'னு எப்பவும் சொல்லிக்கினு இருப்பாரே."

இருவரும் கேட்டருகே நின்றுவிட்டார்கள்.

"நாமளும் அதே காலனிதான்னு மேல போய் சொல்லிடலாமா?" என்றாள் கவியா.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு?" என்றான் தினகரன்.