ராணி கொடுத்த நற்சான்று

"சார், தலைய ஆட்டாதீங்க. சவுரி வுழுந்துடும்" என்றாள் வடிவு.

ஒன்பதாம் வகுப்பு வடிவுக்கு ராஜா வேஷம். குரல் அப்படி. பள்ளிக்கூடத்தில் நின்று அவள் வசனம் சொன்னால் ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் திரும்பிப் பார்ப்பார்கள். ராணியாக ஆட வேண்டிய பையனுக்குத்தான் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் பூசணிக்காயாகிவிட்டது. ஆண்டு விழா தொடங்க இன்னும் ஒரு மணி நேரம். வேறு வழியில்லாமல், கூத்து சொல்லிக்கொடுத்த அறிவியல் வாத்தியார் ராஜவேலுவே மீசையை மழித்துவிட்டு, தலைமையாசிரியர் மனைவியின் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் கலசப்பாக்கத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். அதற்குள் மீசை முளைத்துவிடும் என்று தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார்.

"ராஜவேலு வாத்தியாரப் பாக்கணுமே?"

வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தோளில் துண்டோடு நின்றார்.

"கலசப்பாக்கத்துலேர்ந்து வர்றேன். பேரு கோபால்சாமி."

ராஜவேலுவுக்கு அரிதாரத்துக்குள்ளேயே வேர்த்தது. பெண்ணின் அப்பா!

ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கூத்தால்தான் கெட்டது. சேத்துப்பட்டுக்காரர்கள், 'கூத்தாடிக்கா பொண்ணு?' என்று பாதியில் எழுந்து போனார்கள். போளூர்க்காரர்கள் எழுந்திருக்கக்கூட இல்லை. வந்தால்தானே எழுந்திருக்க? 'இந்த வாட்டி கூத்துன்ற பேச்சே வாயில வரக்கூடாது' என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அவரு வெளியில போயிருக்காருங்க" என்றார் ராஜவேலு, ராணியின் கீச்சுக்குரலில்.

"நீங்க இங்க டீச்சரம்மாவா?"

"ஆமாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு." கோபால்சாமி பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அவருக்குப் பொண்ணு குடுக்கலாம்னு இருக்கோம். கூட வேல செய்றவங்களக் கேட்டாத்தான் உள்ளது தெரியும். ஆளு இன்னா மாதிரி?"

தனக்குத் தானே நற்சான்று கொடுக்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"தங்கமானவருங்க. பீடி, சிகரெட்டு எதுவும் கெடையாது."

"பாக்க எப்படி?"

"லட்சணமா இருப்பாரு..." எதிரே இருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. "மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசுங்க."

"கோவம் வருமா?"

"வரும். ஆனா வந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட வடிவின் தோள்கள் குலுங்கின.

"எல்லாம் சரிம்மா. வாத்தியாரு கூத்து கீத்துன்னு அலையறதா ஒரு பேச்சு வந்துச்சே?"

ராஜவேலு யோசிக்கவே இல்லை. "ஐயோ, அந்தப் பக்கமே தல வெச்சுப் படுக்க மாட்டாருங்க. இது புள்ளைங்களாவே ஆடிக்குதுங்க. அவருக்குக் கூத்துன்னாலே ஆவாது."

வடிவின் தோள்கள் அசைவதை நிறுத்தின. அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு கிரீடத்தைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தாள். தரையைப் பார்த்து நின்றாள்.

ராஜவேலு இந்த மலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த எண்பதாம் வருஷத்தில் அவள் இப்படித்தான் இருந்தாள். பேர் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பாள். அந்த வகுப்பே அப்படித்தான். அவருடைய பாடத்தைக் கேட்டு ஜன்னல் ஓரக் குருவிகள் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. வேறு உபாயம் தெரியாமல்தான் ஒரு நாள் கூத்து வசனத்தைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். வடிவு தொண்டை கிழியச் சொன்னாள். மறுநாள் அறிவியல் வகுப்பில் முதல் முறையாக எழுந்து நின்று கேட்டாள்: "சார், எல சாப்புடுதுன்னு சொன்னீங்களே, அதுக்கு வாய் எங்க?"

அந்தப் பெண் இப்போது மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்ங்க" என்றார் ராஜவேலு. கீச்சுக்குரலை மட்டும் விடவில்லை. அதை விட அவருக்குத் தைரியம் போதவில்லை. "நான் சொன்னது பொய். கூத்து சொல்லிக் குடுக்கறதே அவருதான். ராத்திரி பகலா அதே நெனப்புதான். பொண்ணு கெடைக்காட்டிக்கூட அத வுடமாட்டாருங்க."

கோபால்சாமி அவரைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரி, நான் வர்றேன்."

மூன்றாவதும் போயிற்று. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? ராஜவேலு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். வடிவு கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்தாள்.

"அழுவாதீங்க சார். மை கரைஞ்சிடும்."

வாசல்படியில் கால் வைத்த கோபால்சாமி திரும்பினார்.

"முன் வரிசையில குந்தி உங்க கூத்தப் பாத்துட்டுத்தான் போவப் போறேன், மாப்ளே. ஆனா பொண்ணு பாக்க வர்றப்ப வேட்டி கட்டிக்கினு வாங்க. எங்கூர்க் கூத்துல இருவது வருசமா ராணி வேஷம் கட்டறவன் நான்தான். ஒரே வூட்டுக்கு ரெண்டு ராணி தாங்காது!"