தலைவர் பரிமாறும் விருந்து

ஒடாஹுஹு புறநகரிலிருந்து ரயிலேறி வந்த முதலாம் வருட மாணவி மலர், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மேசையின் முன்னால் அசையாமல் நின்றாள்.

“வகுப்புக்கு வாறது சரி. சங்கம் எதுக்கு?” தலைவன் பார்த்தீபன் பக்கத்திலிருந்தவர்களின் காதில் விழாதபடி கேட்டான்.

“முதலாம் வருசக்காரர் ஆரும் சேரலாமெண்டு பலகையில எழுதிக் கிடக்கு.”

“பெடியள் என்னைப் பகிடி பண்ணுவாங்கள்.”

“பண்ணட்டும். நான் சேராமல் போகமாட்டன்.”

வேறு வழியின்றி அவள் பெயரைப் பதிந்தான்.

சனிக்கிழமை வரவேற்பு விருந்து. புதியவர்களை உட்காரவைத்துத் தலைவரே பரிமாற வேண்டும், சாப்பிட்ட தட்டுகளையும் அவரே கழுவ வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். மலர் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

“இன்னும் கொஞ்சம் சோறு.”

போட்டான்.

“சொதியும்.”

ஊற்றினான். ஆற அமரச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அவனிடம் நீட்டினாள்.

“இதுக்காகத்தானே சங்கத்தில சேர்ந்தனீங்கள், அம்மா?” என்றான் பல்லைக் கடித்தபடி.

“படிக்கத்தான் வந்தனான். ஆனா நீ கோப்பை கழுவி நான் ஒருநாளும் கண்டதில்லை, மகன். அதையும் பார்த்திட்டுப் போறன்.”