நாற்பதைத் தாண்டாதே

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு மார்லிஸ் மேஜை டிராயரைத் திறந்து ஆபீஸ் போனை எடுத்தாள். கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

நான்கு குரல் செய்திகள் வந்திருந்தன. அந்தப் போனில் கடைசியாக வந்ததுதான் முதலில் பேசும்.

சனிக்கிழமை, காலை பதினொன்று. வில்மாவின் மகள் ஜனெல்.

"மார்லிஸ், செவ்வாய்க்கிழமை சமையல் வகுப்புக்கு உதவி பண்ண அம்மா வரமாட்டாங்க. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். இமையைத் தூக்க முடியல, பேச்சு குழறுது. பக்கவாதமா இருக்கும்னு சொல்றாங்க."

மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நெப்ராஸ்காவின் அந்த மாவட்டத்தில் விவசாயத்துக்கும் சமையலுக்கும் யோசனை சொல்லும் பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளர் அவள் ஒருத்திதான். பத்தொன்பது வருடங்களாக, சோளத்தில் பூச்சி விழுந்தாலும் ஜாடியில் போட்ட ஊறுகாய் நுரைத்தாலும் ஜனங்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஞாயிறு, பண்டிகை என்று யாரும் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

இந்த நவம்பரில்தான் அது மாறியது. குறைந்த சம்பளக்காரர்கள் வாரம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்று அரசாங்கம் விதி போட்டிருந்தது. டிசம்பர் முதல் தேதி அமலுக்கு வருகிறது. பல்கலைக்கழகத்திடம் அதற்குப் பணம் இல்லை. இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது.

மேலதிகாரி எவரெட் நல்ல மனிதர். நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரு போன் எடுத்தாலும் அது வேலைதான், மார்லிஸ். எடுத்துட்டுக் கணக்குல எழுதாம விட்டா தப்பு. எழுதினா குடுக்க வழியில்ல. அதனால நாற்பது முடிஞ்சா எடுக்கவே கூடாது. போனை இங்கேயே வெச்சுட்டுப் போ."

போன வாரக் கணக்கு தொடங்கிய சனி, ஞாயிறு இரண்டு நாளும் கால்நடைக் கண்காட்சி. செவ்வாய் மாலை ஐந்து மணிக்கே நாற்பது முடிந்துவிட்டது. போனை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஒமாஹாவில் தங்கை வீட்டுக்குப் போனாள். ஐந்து நாள் நன்றாகத் தூங்கினாள். முகமே தெளிஞ்சுடுச்சு என்றாள் தங்கை.

அடுத்த செய்தி. புதன்கிழமை, மாலை ஆறு. வில்மாவின் குரல்.

"என்ன கண்ணு, கூப்பிடவே இல்லை? தப்பா இருந்திருந்தா நீ இந்நேரம் ஓடி வந்து கத்தியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? அப்ப சரி. போட்டுடறேன்."

எதைப் போட்டுவிடுகிறார்?

மார்லிஸின் விரல் அடுத்த பொத்தானைத் தேடியது.

புதன்கிழமை, காலை ஒன்பது. மறுபடி வில்மா. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"மார்லிஸ் கண்ணு, ஒரே ஒரு சந்தேகம். ஆகஸ்ட்ல பீன்ஸை ஜாடியில போட்டு மூடி வெச்சேன்ல, அப்ப பிரஷர் குக்கர் ரிப்பேரு. வெறும் தண்ணியில வெச்சு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். வாசனையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அப்படியே சாலட்ல கலக்கலாமா? ஏழு பேர் வர்றாங்க."

மார்லிஸ் எழுந்து நின்றாள்.

தொடாதே, மூடியைத் திறக்காமல் தூக்கிப் போடு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. பத்து விநாடி. வருடா வருடம் காய்கறியை ஜாடியில் அடைக்கும் வகுப்பின் முதல் நாளில் அவள் சொல்வது இதைத்தான். கொதிநீரில் சாகாத விஷக்கிருமி அது. மூடிய ஜாடிக்குள் வளரும். வாசனையில் தெரியாது, ருசியில் தெரியாது. முதலில் இமையைப் பிடிக்கும், பிறகு நாக்கை, பிறகு மூச்சை.

ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை தப்பாகப் போனது.

"வில்மா செட்லாக்குக்குப் பக்கவாதம் இல்லைங்க. பீன்ஸு. வீட்ல அடைச்ச பீன்ஸு. டாக்டரைக் கூப்பிடுங்க, இப்பவே!"

டாக்டர் வந்தார். கேட்டார்.

"வேற யார் யார் சாப்பிட்டாங்க?" என்றார்.

ஜனெலைக் கூப்பிட்டாள். ஜனெலின் கணவனுக்கு நேற்றிலிருந்து எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

அன்று மதியமே விமானத்தில் விஷமுறிவு மருந்து வந்தது. ஜனெலின் கணவன் பத்து நாளில் எழுந்துவிட்டான். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வில்மா பிழைத்தார். ஆனால் பிப்ரவரி வரை மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. அதன் பிறகு அவரால் சத்தமாகப் பேச முடிந்ததில்லை.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தக் காலையில் மார்லிஸ் ஜனெலிடம் பேசி முடித்து, போனைப் பார்த்தபோது, இன்னும் ஒரு செய்தி பாக்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு பத்து. எவரெட்டின் குரல், சிரிப்போடு.

"மார்லிஸ், நல்ல சேதி! கோர்ட்டு அந்த விதியை நிறுத்தி வெச்சிடுச்சு. நாற்பது கணக்கெல்லாம் இனி இல்லை. நாளையிலேருந்து பழையபடி போனை எடுத்துக்கோ. உன் வீட்டு நம்பருக்கே கூப்பிடலாம்னுதான் பார்த்தேன். வேலை முடிஞ்சு போனவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."