கடைசிப் பெயர்

"சோழ இளவரசர் ஒருத்தரிலயிருந்து துவங்குது எங்கட வம்சம். கடைசிப் பேர் என்ர பேர். வடிவாப் பார்!" சுவரில் மாட்டியிருந்த வம்சாவளிப் படத்தைத் தட்டிக் காட்டினார் கதிர்காமநாதன். "நீ கட்டப்போறன் எண்டு நிக்கிற நிருஜன்ர பூட்டன் ஆரெண்டு அவனுக்கே தெரியாது. அவனுக்கு இந்தப் பரம்பரையில பொம்பிளை குடுக்க ஏலாது."

"அப்ப நீங்கள் இந்தப் படத்தையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ. நான் போறன்" என்றாள் மகள் அஜிதா.

பெட்டியோடு மகள் ஏறிய ட்ராம், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தெருமுனையில் மறையும்வரை தாய் ரஞ்சினி ஜன்னலோரம் நின்றாள்.

"போகட்டும். கதிர்காமநாதன் எண்ட பேருக்கு ஒரு மரியாதை இருக்கு" என்றார் அவர்.

முப்பது வருடமாக வீட்டுக்குள்ளும் கணவனை 'இஞ்சாருங்கோ' என்று மட்டுமே கூப்பிட்டு வந்தவள் திரும்பினாள்.

"தவராசா!"

அவர் பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"உண்மையான கதிர்காமநாதன் இஞ்ச வாற வழியில மொஸ்கோ குளிரில விறைச்சுச் செத்தவர். இந்தப் படத்தில இருக்கிறது முழுக்க அவற்ற ஆக்கள். அவற்ற பாஸ்போட்டில ஏஜென்சிக்காரன் உங்கட போட்டோவை ஒட்டினானே, அண்டைக்குத்தான் எங்கட வம்சம் துவங்கினது."